வானத்தில் விழும் படிக்கட்டு

1862இல் சிங்கப்பூரில் வந்து இறங்கிய ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பின்னர் பினாங்கிலும் அதன் எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லெஸ்லியிலும் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். இன்றைய செபராங் பிறைதான் அந்தப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. ஜுரு என்ற ஊரும் அதற்குள் அடக்கம். உதவிக்கு ஆள் தேடியபோது சீனர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள். மனிதக் கை படாமல் உருவம் பதிவது அவர்களுக்குப் பேய்வேலையாகப் பட்டிருக்கிறது. முன்வந்தவர்கள் இரண்டு மதராஸ்காரர்கள். அவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து, படம் அச்சிடவும் கூடமாட உதவவும் வைத்துக்கொண்டதாக 1875இல் வெளிவந்த தன் பயண நூலில் தாம்சன் எழுதுகிறார். அந்நாளில் மதராஸ் பக்கமிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களில் தமிழரே மிகுதி. ஆகவே இந்த வட்டாரத்தின் முதல் கறுப்பு வெள்ளை அச்சுக்காரர்களில் இருவர் நம்மவர்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

அவர்கள் பார்த்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசிய மெல்லிய காகிதத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்துவார்கள். அதைக் கண்ணாடி நெகட்டிவோடு நெருக்கி வைத்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் சாய்த்துவிடுவார்கள். சட்டத்தின் பின்பலகை இரண்டாக மடங்கும். ஒரு பாதியைத் திறந்து, காகிதத்தின் நுனியைத் தூக்கி, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி மூடலாம். நிலைநிறுத்தும் கரைசலில் போட்டால் படம் சற்று வெளுக்கும். அதனால் வேண்டிய அளவுக்கு ஒரு படி மேலாகவே கறுக்கவிட வேண்டும். தங்க உப்புக் கரைசலில் நனைத்தால் செம்மண் நிறம் மாறி ஊதா கலந்த பழுப்பாகும்.

இந்தக் காகிதத்துக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு. வெயில் படப்பட வெள்ளி அங்கேயே கறுக்கிறது அல்லவா? அப்படிக் கறுத்த மேலடுக்கு, தனக்குக் கீழே உள்ள வெள்ளிக்குக் குடை பிடித்துவிடும். நிழல் பகுதிகள் வேகமாகக் கறுக்கத் தொடங்கி, கறுத்த காரணத்தாலேயே மெதுவாகிவிடும். அதற்குள் வெளிச்சப் பகுதிகள் பின்னாலிருந்து வந்து எட்டிப்பிடிக்கும். ஆழ்ந்த நிழலிலும் விவரம் மூழ்காது, மேகத்திலும் விவரம் கரையாது. யாரும் கணக்குப் போடாமல், வெள்ளி தன்னைத்தானே அளந்துகொள்கிறது. வெள்ளித் துகள்களோ ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அந்தக் கால அச்சுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சாம்பல் நிறம் சாம்பல் நிறமாகவே தொடர்கிறது. புள்ளி கண்ணில் படுவதில்லை.

தாம்சனின் 600க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் இன்று லண்டனில் வெல்கம் சேகரிப்பில் இருக்கின்றன. சயாம், கம்போடியா, சீனா ஆகிய நாடுகளில் எடுத்தவை. இந்த நூற்றாண்டில் அவற்றை ஸ்கேன் செய்து, ஆள் உயரத்துக்கு அச்சிட்டு, கண்காட்சிகளில் வைத்தார்கள். வெள்ளி தானாகச் செய்துகொண்ட காரியத்தை இப்போது கணக்குதான் செய்தாக வேண்டும். அதே கணக்கைத்தான், ஜுருவில் ஒரு வீட்டு மேசைமேல் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரும் போடுகிறது.

அந்தப் பிரிண்டருக்குத் தெரிந்தவை இரண்டே செய்கைகள். துளி விடும், அல்லது விடாது. நல்ல புகைப்படப் பிரிண்டரின் சிறிய துளி ஏறக்குறைய 2 பிகோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் மையில் அப்படிப்பட்ட துளிகள் 50 கோடி. பறக்கும்போது அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. காகிதத்தில் விழுந்ததும் இன்னும் கொஞ்சம் பரவும். துளி கறுப்பு, காகிதம் வெள்ளை. நடுவில் ஒன்றுமில்லை. பாட்டியின் கன்னத்தில் இறங்கும் மெல்லிய நிழலையும், கடலுக்கு மேல் பகல் வெளுத்துப்போகும் வானத்தையும் இந்த உண்டு-இல்லையை வைத்துத்தான் காட்ட வேண்டும்.

பிரச்சினை புதியதல்ல. செய்தித்தாளில் புகைப்படம் போட ஆசைப்பட்ட நாளிலேயே வந்துவிட்டது. 1880இல் நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் நாளிதழ் கோட்டுத்திரை வழியாகப் படத்தைச் சிதறடித்து ஒரு புகைப்படத்தை அச்சிட்டுக் காட்டியது. அந்தத் திரையின் கணிதத்தைத் தீர ஆராய்ந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார்: உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா. 1897இலிருந்து லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் தொடர்ந்து எழுதினார். குழந்தைகளுக்குக் கதை எழுதியவராகவே அவரைப் பலர் அறிவார்கள். அச்சுத்தொழில் வரலாறு அவரை வேறு காரணத்துக்காக வைத்திருக்கிறது. அந்தத் திரை முறையில் புள்ளிகள் சம இடைவெளியில் வரிசையாக நிற்கும், அளவு மட்டும் மாறும். இங்க்ஜெட்டில் நேர்மாறு. துளியின் அளவு பெரிதாக மாறாது. எங்கே விழுவது, எத்தனை விழுவது என்பதுதான் மாறும்.

எங்கே விழுவது என்பதை முடிவு செய்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலேசியாவில் கடைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. 2008 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இங்கே ரொக்கக் கணக்கை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். 12 சென் என்றால் 10 சென். வரிசையில் நிற்கும் ஐந்து பேருக்கும் 12 சென் பொருள்தான் என்றால் கடைக்காரருக்குக் கிடைப்பது 50 சென். கிடைக்க வேண்டியது 60. ஒரு கணக்குப்புலிக் கடைக்காரர், விட்ட சென்னை அடுத்தவர் கணக்கில் சேர்த்துவிடுகிறார் என்று வையுங்கள். முதல் ஆள் 10 கொடுக்கிறார், 2 மிச்சம். அடுத்தவருக்கு 14 ஆகிறது, 15 கொடுக்கிறார். ஒரு சென் கூடுதலாக வந்ததால் மூன்றாமவருக்கு 11, கொடுப்பது 10. நான்காமவருக்கு 13, கொடுப்பது 15. ஐந்தாமவருக்குச் சரியாக 10. மொத்தம் 60. தனியாள் ஒவ்வொருவருக்கும் அநியாயம்தான், ஆனால் வரிசைக்கு நியாயம் நடந்துவிட்டது.

1976இல் ராபர்ட் ஃபிளாயிட், லூயிஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் வெளியிட்ட முறை இதுதான். ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று முழுமையாக்கு. அதில் வந்த பிழையைத் தூக்கிப் போடாமல் அக்கம்பக்கத்துக்குப் பங்கிடு. பதினாறில் ஏழு பங்கு வலப்பக்கப் பிக்சலுக்கு. கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக மூன்று, ஐந்து, ஒன்று. அவ்வளவே. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பத்து வரியில் நிரல் எழுதிவிடலாம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வேறொரு முறையை முன்வைத்தவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர். நம் கைப்பேசிக் கேமராவின் உணரிமேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம்கட்டமாக அமைத்தவரும் இவரேதான். படம் உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் ஒரே மனிதர் நிற்பது எனக்குச் சலிக்காத வியப்பு.

துளிகளைப் பங்கிடுவதோடு வேலை முடிந்தால் நன்றாயிருக்கும். முடிவதில்லை. ஜுருவிலிருந்து மேற்கே கடலைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். கீழே கரையோரக் கோலா ஜுருவின் சேற்றுத்திட்டு, நடுவே நீர், தொலைவில் பினாங்குத் தீவின் மலை, மேலே ஈரக்காற்று பூசிய வானம். அந்த வானத்தில் உருவம் எதுவும் இல்லை. அடிவானத்தில் வெளுப்பு, மேலே போகப்போக மிக லேசான சாம்பல். அச்சுக்காரருக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடையாது. மரமும் சுவரும் கூட்டமும் பிழைகளை மறைத்துக்கொள்ளும். வெறும் வானம் ஒன்றையும் மறைக்காது.

சாதாரண ஜேபெக் கோப்பில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். போதும் என்று தோன்றும். ஆனால் இந்த வானம் 180ஆம் படியில் தொடங்கி 200இல் முடிந்துவிடுகிறது என்று வையுங்கள். 40 சென்டிமீட்டர் உயர வானத்துக்குக் கிடைப்பது இருபதே படிகள். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் பட்டை. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு சின்ன வேறுபாடு தெரியவே கூடாது. ஆனால் கண் அதைக் கண்டுபிடித்து, மிகைப்படுத்தியும் காட்டுகிறது. 1865இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் எழுதினார்: ஒளியளவு திடீரென வளையும் இடத்தில், இல்லாத ஒரு வெளிச்சக் கோட்டையும் இருட்டுக் கோட்டையும் கண் சேர்த்துப் பார்க்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு கடல் உயிரி துப்புக் கொடுத்தது. அமெரிக்காவில் ஹால்டன் ஹார்ட்லைனும் அவருடைய சகாக்களும் குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்தார்கள். ஓர் ஒளியணு தூண்டப்பட்டால் அது பக்கத்து அணுக்களை அடக்குகிறது என்று தெரிந்தது. விளிம்புகள் தூக்கலாகத் தெரிய இந்த அடக்குமுறை ஒரு முக்கியக் காரணம். ஹார்ட்லைனுக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த நண்டின் ஆசிய உறவினங்கள் பினாங்கின் கரையோரச் சேற்றிலும் உண்டு. மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்பார்கள். குதிரைலாட நண்டு இணையைத் தேட உதவும் அதே உத்தி, நமக்கு வானத்தில் படிக்கட்டைக் காட்டித் தொலைக்கிறது.

இந்தப் படிக்கட்டை எப்படி உடைப்பது? இயல்பாக வரும் யோசனை, இன்னும் சுத்தமாக்குவது. இரைச்சலை நீக்கு, மழுங்கடி, தேய். பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பட்டைகள் இன்னும் தெளிவாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சரியான விடை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. அழுக்கைச் சேர்க்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்ற மாணவர், தொலைக்காட்சிப் படத்தை எண்களாக அனுப்புவதை ஆராய்ந்தார். படிகள் தெரியாமல் இருக்க ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது ஆறு பிட் வேண்டியிருந்தது. முழுமையாக்குவதற்கு முன்னால் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து, பெறும் முனையில் அதே இரைச்சலைக் கழித்தால் மூன்று பிட்டே போதும் என்று அவர் காட்டினார். அறுபத்து நான்கு படிகள் செய்த வேலையை எட்டுப் படிகள்! பின்னாளில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டைக் கட்டியவர்களில் முக்கியமானவர் இதே ராபர்ட்ஸ்.

இரைச்சல் எப்படி உதவுகிறது? 187.4 என்ற ஒளியளவு இருக்கிறது. முழுமையாக்கினால் எப்போதும் 187தான், அந்த 0.4 என்றென்றைக்கும் தொலைந்தது. முழுமையாக்கும் முன் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு படிக்குள் அடங்கும் தற்செயல் எண்ணைக் கூட்டிவிட்டால், பத்தில் ஆறு பிக்சல் 187 ஆகும், நான்கு 188 ஆகும். கண் அவற்றைச் சராசரியாக்கிப் பார்க்கும்போது 187.4 திரும்ப வந்துவிடுகிறது. பட்டைக்கு விளிம்பு வேண்டும். சிதறலில் விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாத இடத்தில் மாக் சொன்ன கோடுகளும் எழாது. ஃபிலிம் காலத்து வானங்கள் வழவழவென்று இருந்ததன் காரணமும் இதுவே. ஃபிலிமின் மணிகள் யாரும் கேட்காமலே அந்த இரைச்சலைக் கலந்துகொண்டிருந்தன. கைப்பேசி மணியையெல்லாம் துடைத்தெடுத்துக் கொடுக்கும் வானம் திரையில் அழகு, அச்சில் வம்பு. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் ஸ்கேனையும் திருத்தத்தையும் 65,536 படிகள் உள்ள 16 பிட்டில் வைத்திருந்து, பிரிண்டருக்கு அனுப்பும் முன் கண்ணுக்குத் தெரியாத அளவில் மணியைத் தூவுகிறார்கள்.

எந்த இரைச்சல் என்பதும் முக்கியம். முழுக்கத் தற்செயலாகத் துளிகளைத் தெளித்தால் சில இடத்தில் கும்பலும் சில இடத்தில் பொட்டலும் விழும். கண்ணுக்கு அது சொரசொரப்பு. சீராக அடுக்கினாலோ கட்டம்கட்டமாகக் கோலம் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: ஒழுங்கு இல்லை, ஆனால் எந்தத் துளியும் பக்கத்துத் துளியை நெருங்குவதில்லை. ராபர்ட் உலிக்னி 1980களில் இதை ஆராய்ந்து நீல இரைச்சல் என்று பெயரிட்டு அழைத்தார். நம் கண்ணுக்கு நுண்ணிய மாற்றங்களைப் பார்க்கும் திறன் குறைவு என்பதால், பிழை முழுவதையும் அந்த நுண்மைக்குள் ஒளித்துவைப்பதே தந்திரம். இன்றைய பிரிண்டர்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் இதன் வாரிசுகள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1983இல், ஜான் யெல்லட் என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்கின் விழித்திரையில், மையத்துக்கு அப்பால் கூம்பணுக்கள் அமர்ந்திருக்கும் விதத்தை அளந்து வெளியிட்டார். அவையும் இப்படித்தான் இருந்தன: ஒழுங்கற்று, ஆனால் ஒன்றையொன்று நெருங்காமல். மை விழும் முறையும் அதைப் பார்க்கும் கண் கட்டப்பட்ட முறையும் ஒரே வரைபடம். பொறியாளர்கள் கணக்கின் வழியே போய் அதே இடத்தில் வந்து நின்றார்கள்.

இனி மை. எவ்வளவு நன்றாகப் பரப்பினாலும், வெள்ளைச் சட்டையின் மடிப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்த கரிய துளிகள் லேசாகக் குத்தும். அதற்கு மருந்து நீர்த்த மை. கறுப்பை நீர்த்துச் சாம்பல் மை செய்து, வெளிர்ந்த பகுதிகளில் அதையே விட்டால், துளி மங்கலாகும். கூடவே அதே சாயலுக்குப் பல மடங்கு துளி தேவைப்படுவதால் காகிதம் நெருக்கமாக மூடப்படும். எப்சன் 2005இல் ஒரே பிரிண்டரில் மூன்று அடர்த்திக் கறுப்பு மைகளை வைத்தது. அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் ஜான் கோன் என்ற அச்சுக்கலைஞர் இன்னும் தூரம் போய், வண்ண மைகளையெல்லாம் கழற்றிவிட்டு ஏழு அடர்த்தியில் கறுப்பையே நிரப்பினார். என்னைக் கேட்டால், கறுப்பு வெள்ளை அச்சில் கண்ணுக்குத் தெரிந்த மிகப் பெரிய பாய்ச்சல் இதுதான். மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் நல்ல சாம்பல் மைக்கு ஈடாகாது.

வண்ண மைகளைக் கலந்து சாம்பல் செய்யும் பிரிண்டரில் வேறு தொல்லை. சியான், மஜெந்தா, மஞ்சள் மூன்றும் சமமாக இருந்தால்தான் சாம்பல். ஜன்னல் வெளிச்சத்தில் சமமாகத் தெரிவது குழல் விளக்கில் பச்சையடிக்கும். படத்துக்குள்ளேயே நிழல் ஒரு நிறமாகவும் வெளிச்சம் இன்னொரு நிறமாகவும் பிரிந்து நிற்கும். கரியால் ஆன மை இந்த ஆட்டமெல்லாம் ஆடாது. சற்றே பழுப்புச் சாயலோடு, எந்த விளக்கிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நம் ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் விளக்குக் கரியைத் தேய்த்தார்களே, அதே கார்பன்தான்.

மை சரியாக இருந்தும் படம் கெடும் இடம் ஒன்று பாக்கி. ஐம்பது விழுக்காடு துளி விழச் சொன்னால் காகிதத்தில் தெரிவது ஐம்பதைவிடக் கறுப்பு. துளி பரவுவது ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது: வெள்ளை இடைவெளியில் நுழைந்த ஒளி காகிதத்துக்குள் சிதறி, துளிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு விழுங்கப்பட்டுவிடுகிறது. யூல், நீல்சன் என்ற இருவர் 1951இல் இதற்குச் சமன்பாடு எழுதினார்கள். இதனால் நடுச்சாயல்கள் எல்லாம் கீழே அமிழும். கோலா ஜுருவின் ஈரச்சேறு, அதில் நீர் வடிந்த தடம், சேற்றுக்குள் கிடக்கும் கிளிஞ்சல்: எல்லாம் ஒரே கறுப்பாய் ஆகிவிடும்.

வெள்ளிக் காகிதம் தானே குடை பிடித்துச் சரிசெய்துகொண்டதை இங்கே நாம் கையால் செய்ய வேண்டும். 21 சாம்பல் கட்டங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கருவியால் அளந்து, வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைத் தலைகீழாக்கி ஒரு வளைகோடு வரைந்து பிரிண்டருக்குக் கொடுப்பார்கள். கறுப்பை அளவெடுத்து வளைகோடாக்கும் பழக்கத்தை 1890இல் தொடங்கிவைத்தவர்கள் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும். இருவரும் இங்கிலாந்தில் இரசாயன ஆலையில் வேலை பார்த்தவர்கள். புகைப்படம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு.

பினாங்கின் காற்று இந்த அளவெடுப்பில் தலையிடும். இங்கே ஈரப்பதம் 70க்கும் 90க்கும் நடுவில் புழங்குகிறது. பருத்திக் காகிதம் அதைக் குடித்து நெளியும், மை உலர நேரமெடுக்கும், உலர்ந்தபின் சாயல் மாறும். அச்சிட்ட உடனே அளந்து வரைந்த வளைகோடு மறுநாள் பொய்யாகிவிடும். ஒரு நாள் பொறுத்து அளப்பது நல்லது. குளிரூட்டிய அறையில் அச்சிட்டு, காகிதத்தைத் திறந்த அறையில் அடுக்கி வைக்கிறவர்களுக்கு எந்தக் கணக்கும் நிலைக்காது.

காகிதத்துக்கும் எல்லை உண்டு. பளபளப்பில்லாத காகிதத்தில் மிகக் கரிய கறுப்பும் விழுந்த ஒளியில் ஏறக்குறைய இரண்டு விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பளபளப்புக் காகிதத்தில் அது அரை விழுக்காடு வரை இறங்கும். திரையில் பார்த்த ஆழம் முழுவதும் பளபளப்பில்லாத காகிதத்தில் கிடைக்காது. இருக்கும் இடத்துக்குள் சாயல்களை நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கும்போது வானத்திலிருந்து எடுப்பதா, சேற்றிலிருந்து எடுப்பதா என்பதை எந்த மென்பொருளும் முடிவு செய்யாது. மங்கலான முன்கூடத்தில் மாட்டப்போகும் படம் என்றால் நிழலைத் தூக்கிவிட வேண்டும், ஜன்னலோரச் சுவர் என்றால் அப்படியே விடலாம். எனவே தேர்ந்த அச்சுக்காரர் வளைகோட்டைத் தொடும் முன், படம் எந்தச் சுவருக்கு, அங்கே என்ன விளக்கு என்று கேட்டுவிடுவார்.